உப்புப் பார்க்கும் வேலை

மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தபோது நான் பந்தலுக்குக் கீழே நின்று அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். பூசைக்கு அடிக்கும் மணி அப்படி அடிக்காது. யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்தது. யாராக இருக்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக் குப்பம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். பாத்திரம் தேய்த்த கையோடு ஓடி வந்திருக்கிறாள். விரலில் சாம்பல் அப்படியே இருந்தது.

“லூர்தக்கா பூட்டாங்க சரசு” என்றாள். “காலைல எழுந்து பல்லு வெளக்கிகினு இருந்தாங்களாம். அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாங்களாம்.”

நான் மடியிலிருந்த காயைக் கூடையில் கொட்டிவிட்டு மறுபடியும் பறிக்க ஆரம்பித்தேன். அன்று கஞ்சித் தொட்டிக்குக் காய் போக வேண்டிய நாள். குப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அழுகை வரவில்லை. முகம் சுட்டது. வேண்டியவர் போய்விட்டார் என்று கேட்டால் துக்கம்தான் முதலில் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது வெட்கம். அது ஏன் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப் போவதாகவும், அதில் நான் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்றும் தொட்டியில் என்னோடு காய் நறுக்கும் பெண்கள் சொன்னார்கள். “உனக்குத்தான் எழுத்து வரும்” என்றார்கள். அவர்கள் கேட்டது அக்காவின் தர்ம குணத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “இதெல்லாம் அச்சில் எதற்கு?” என்றார். அச்சில் வராவிட்டாலும் ஊருக்குத் தெரிந்ததுதான் என்றேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

பருத்திப்பட்டில் லூர்தக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இந்தப் புத்தகம் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர் சவரிமுத்துவின் மனைவி. பிள்ளைகள் இல்லை. கட்டையான உருவம், தெருக்கோடிக்குக் கேட்கும் குரல், இடுப்பில் எப்போதும் மூக்குப்பொடி மட்டை. யுத்தம் வந்து, ஆவடிப் பக்கம் பட்டாளம் இறங்கி, பயிர் வைத்த நிலம் கையை விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர் ஏரிக்கரையில் குடிசை போட்டார்கள். அவர்களுக்காகக் கோயில் சாமியாரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கொட்டகையில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். நொய் தர்மமாக வரும். வெறும் நொய்க் கஞ்சியைக் குடித்து உடம்பில் என்ன ஒட்டும்? அதில் போடக் காய் வேண்டும். தெருத் தெருவாகக் கூடை தூக்கிக்கொண்டு போய் அந்தக் காயைச் சேர்த்தவர் லூர்தக்கா. யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவராகவே கூடையைத் தூக்கினார்.

நான் அவரை முதலில் பார்த்தது அவர் எங்கள் வீட்டுப் புடலங்காயைத் திருடிக்கொண்டிருந்தபோது. அப்படித்தான் அன்று நினைத்தேன். கொடி பந்தலிலிருந்து கிளுவை வேலி மேல் ஏறி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காய் நேராக இறங்க நுனியில் கல் கட்டியிருந்தேன். தெருவில் நின்ற ஒரு பெண்பிள்ளை சாவகாசமாக அந்தக் கல்லை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரது, எங்க ஊட்டுக் காய்ல கை வெக்கிறது?” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

“உங்க ஊடு வேலியோட முடிஞ்சி போச்சும்மா” என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். “உள்ள தொங்கனா உன்னுது. தெருவப் பாத்துத் தொங்கனா கஞ்சித் தொட்டியோடது.”

“யாரு வெச்ச சட்டம் இது?”

“நான் வெச்சதுதான். ஏன், நல்லா இல்லியா?” காயைக் கூடையில் வைத்துவிட்டுக் கல்லை என் கையில் கொடுத்தார். “இத்த பத்திரமா வெச்சிக்கோ. அடுத்த காய்க்குக் கட்டு.”

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் வீட்டை ஊரில் ரங்கூன் வீடு என்பார்கள். மாமனார் அங்கே ஒரு மர மில்லில் கணக்கு எழுதிச் சம்பாதித்து, தேக்குத் தூண் வைத்துக் கட்டிய வீடு. அவருக்குப் பிறகு அதே மில்லில் என் வீட்டுக்காரர். மாதம் தவறாமல் பணம் வரும். காய்கறித் தோட்டம் எங்களுக்குப் பொழுதுபோக்கு. மறுநாளே மாமனார் ஆள் விட்டுப் பந்தலைத் தெருப் பக்கம் நீட்டச் சொன்னார். “நம்ம ஊட்டுக் காய் இல்லாம அந்தத் தொட்டி கொதிக்கக் கூடாது” என்றார்.

அந்தச் சட்டத்தை வைத்து லூர்தக்கா ஊரையே ஆட்டி வைத்தார். கொடியைத் தெருப் பக்கம் விடுபவர்களுக்கு மதிப்பு கூடியது. தெருப் பக்கத்துக்கென்று தனியாக விதை போடும் வழக்கம் எங்கள் தெருவில் அப்படித்தான் வந்தது. வெளியே விட மனசில்லாதவர்கள் பாடு சங்கடமாகிவிட்டது. கோடி வீட்டு முனுசாமி ராத்திரியோடு ராத்திரியாகக் கொடிகளுக்கெல்லாம் கயிறு கட்டி உள்ளே இழுத்துவிட்டார். அக்கா அவர் வேலி முன்னால் நின்று, “கன்னுக்குட்டிக்குக் கட்டுற கயித்த பீர்க்கங்கொடிக்குக் கட்டிகினு கீறாரு பாரு” என்றார். தெருவே சிரித்தது. வெட்கம் தாங்காமல் முனுசாமி முற்றிப்போன வெண்டைக்காய் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதில் ஒன்றை ஒடித்துப் பார்த்தார், ஒடியவில்லை. “குடுங்க, அடுப்பெரிக்க ஆவும்” என்று வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் முனுசாமி பிஞ்சுக் காயாகக் கொடுத்தார்.

எங்கள் வேலியிலிருந்துதான் அதிகக் காய் போகும். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. அக்கா வரும் நேரம் பார்த்து நான் வேண்டுமென்றே வேலியோரம் நிற்பேன்.

பிறகு ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதோடு பணமும் நின்றது, கடிதாசும் நின்றது. கால்நடையாகக் காடு தாண்டி வருகிறார்கள் என்றார்கள். வருகிற வழியில் சாகிறார்கள் என்றார்கள். யாரோ ஒருவர் என் வீட்டுக்காரரை ஓர் ஊரில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். முதல் சில மாதம் நகையை வைத்து ஓட்டினேன். அப்புறம் வைப்பதற்கும் ஒன்றும் இல்லை. வேலைக்காரியை நிறுத்தினேன், ஊரில் கேட்டவர்களுக்கு அவள் சரியில்லை என்று சொன்னேன். அவளைப் பற்றி அப்படிச் சொன்னது அநியாயம். வீட்டில் மாமனார், நான், இரண்டு பெண் குழந்தைகள். ரேஷன் அரிசி வாங்கக் கையில் காசில்லாத நாட்கள் வந்தன.

தோட்டம் இருந்ததே, பறித்துத் தின்னக் கூடாதா என்று கேட்பீர்கள். தின்றோம். வேலிக்கு உள்ளே இருந்த காய், கீரை, முருங்கை எல்லாம் தின்றோம். சோறில்லாமல் புடலங்காயை மட்டும் வேக வைத்துக் கொடுத்தால் குழந்தைகள் எத்தனை நாள் இருப்பார்கள்? அதுவும் தீர்ந்த பிறகு மீதி இருந்தது வெளியே தொங்கியதுதான். மாமனார் காலையில் எழுந்ததும் நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லி, வெளியே எத்தனை காய் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கண்ணில் பட்டதெல்லாம் தொட்டிக்குப் போக வேண்டும். வீட்டில் அரிசி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரியக் கூடாது. “நம்ம ஊட்டுக் காய் நின்னா ரங்கூன்காரன் நொடிச்சிட்டான்னு அர்த்தம்” என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் விடியும் முன்னே, மாமனார் எழுவதற்குள், வெளியே தொங்கிய ஒரு நல்ல புடலங்காயை வேலி மேலாக உள்ளே இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் நுனியைப் பிடித்துக்கொண்டு லூர்தக்கா நிற்கிறார். அன்றைக்கு அவர் சீக்கிரமே கிளம்பியிருக்கிறார். இரண்டு பேர் கையிலும் ஒரே காய். எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் தோள் வழியாகச் சமையலறைப் பக்கம் பார்த்தார். விடிகிற நேரத்தில் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை வரும்.

“பிஞ்சா கீது சரசு” என்றார். “இன்னும் நாலு நாள் ஆவட்டும்.” காயை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது பறிக்கும் பதம் வந்த காய். தோட்டம் வைத்த யாருக்கும் பார்த்ததும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவர் வாசலுக்கே வந்து, மாமனாருக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினார். “பெரியவரே, ஒரு ஒத்தாசை வேணும். தொட்டில உப்புப் பாக்க ஆள் இல்ல. எனக்கு மூக்குப்பொடி போட்டுப் போட்டு நாக்கு செத்துப் போச்சு. மத்தவங்க பாக்கு போடுறவங்க. நல்ல சாப்பாடு சாப்ட்ட நாக்கு ஒண்ணு வேணும். உங்க மருமவள அனுப்பி வெக்கிறீங்களா?”

மாமனாருக்குப் பெருமை பிடிபடவில்லை. “போய்ட்டு வாம்மா சரசு. ஊருக்குச் செய்யறது” என்றார்.

எந்தச் சமையலிலும் உப்புப் பார்ப்பது என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது. லூர்தக்காவின் சாஸ்திரம் வேறு. அண்டாவில் மேலே ஒரு கரண்டி, நடுவே ஒரு கரண்டி, அடியே ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்க்க வேண்டுமாம். உப்பு அடியில் தங்கும் என்றார். நான் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து ஒரு செம்பு கஞ்சி குடித்தேன். கிளம்பும்போது தூக்கு நிறைய ஊற்றிக் கொடுத்தார். “சூடுல உப்பு தெரியாது. ஊட்டுக்கு எடுத்துகினு போயி ஆறுன பின்ன பாரு. கொயந்தைங்களுக்கும் குடு. அதுங்க நாக்குதான் சுத்தம். பெரியவரு இன்னா சொல்றாருன்னு நாளைக்கு வந்து சொல்லு.”

நான் நம்பினேனா? இதைத்தான் இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முந்தின நாள் காலை வேலியோரம் நடந்ததை மறக்கவில்லை. ஆனால் உத்தியோகம் என்று ஒன்று கொடுத்தால் அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொள்ள மனசு எத்தனை சீக்கிரம் தயாராகிவிடுகிறது. ஒரு வாரத்தில் எனக்கு நிஜமாகவே உப்பைப் பற்றி அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. மாமனார் என்னையும் மிஞ்சினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “ஒரு கல்லு கம்மி” என்பார். இன்னொரு நாள், “பரவால்ல, இன்னிக்குக் கை நெதானம்” என்பார். குழந்தைகள் தூக்கை வழித்து விரலை நக்கிக்கொண்டே, தாத்தா மாதிரி தலையை ஆட்டித் தீர்ப்புச் சொல்லும்.

இந்தத் தீர்ப்புகளை நான் மறுநாள் கொட்டகையில் போய்ச் சொல்வேன். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கேட்டுக்கொள்வார்கள். அண்டாவைக் கிண்டி உப்புப் போடுவது அஞ்சலை. அவளிடம்தான் என் அதிகாரமெல்லாம். “நேத்து மாமா மொகத்த சுளிச்சிட்டாரு. கல்லுப்பக் கரைச்சி ஊத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் அவளைச் சத்தம் போட்டேன். அஞ்சலை முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “செரிங்கம்மா, நாளைலேர்ந்து கரைச்சி ஊத்துறேன்” என்றாள். ஏரிக்கரைக் குடிசைவாசி அவள். கிண்டும் வேலைக்குக் கூலி கிடையாது. கிண்டி முடித்துவிட்டு வரிசையில் கடைசியாக நின்று தன் பங்கை வாங்கிக்கொள்வாள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி கரை தளும்பி நின்றது. குளிர் ஜுரம் வந்து லூர்தக்கா படுத்துவிட்டார். நான் வழக்கம்போல் தூக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்டாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் நின்றார். நொய் மூட்டை அனுப்பும் தர்மவான்கள் சார்பில் மேற்பார்வைக்கு வந்தவர். நல்ல மனிதர். எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை உள்ளவர். மழையில் வரிசை கொட்டகைக்கு வெளியே வளைந்து நின்றது. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“வரிசை அந்தப் பக்கம் அம்மா” என்றார் அவர், என் தூக்கைப் பார்த்து.

“நான் உப்புப் பாக்க வந்திருக்கேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கரண்டியை விட்டு எடுத்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். “உப்பு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் வரிசையில் வாருங்கள்” என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை.

அரிவாள்மணைகளின் சத்தம் நின்றுவிட்டது. நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியாவது தலையைத் தூக்கி என்னைப் பார்த்திருந்தால், இது என்ன கூத்து என்று ஆச்சரியப்பட்டிருந்தால், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. யாரும் தூக்கவில்லை. குப்பம்மாள் கையிலிருந்த கத்திரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்து தெரியும். நான் சொன்ன தீர்ப்புகளையெல்லாம் அவர்கள் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள். துடுப்பை அண்டாவில் சாய்த்துவிட்டு ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். “உங்க நாக்கக் கொற சொல்லலீங்க சாமி. எனக்கு இன்னும் ஒரு கல்லு வேணும்னு தோணுது. ஆனா எனக்கும் சளி புடிச்சிகினு கீது, நெச்சயமா சொல்ல முடியல” என்றாள்.

“எனக்கு வெத்தல போட்டு நாக்கு மரத்துப் போச்சு” என்றாள் குப்பம்மாள்.

“நான் ஒருசந்தி. வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது” என்றாள் கோயில் தெரு மேரி. அது ஒருசந்தி விரதக் காலமே இல்லை.

இப்படியே ஒவ்வொருத்தியும் தன் நாக்கில் ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொன்னாள். “இந்தம்மாதாங்க எங்க தொட்டிக்கு நாக்கு” என்று அஞ்சலை முடித்தாள். அவர் குழம்பிப்போய் ஒதுங்கி நின்றார். அஞ்சலை மேலே ஒரு கரண்டி, நடுவே ஒன்று, அடியே ஒன்று எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தூக்கைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். வீட்டு வாசலில் என் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தன. தூக்கை நீட்டினேன்.

அன்று சாயங்காலமே லூர்தக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். ஜுரக்காரரிடம் பேசுகிற பேச்சா நான் பேசியது? “ஊரக் கூட்டி வெச்சி என்னப் பிச்சக்காரியா ஆக்கிட்டீங்க” என்றேன். “எல்லார் கிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்க. முன்னால சரி சரின்னுட்டுப் பின்னால சிரிச்சிருப்பீங்க.” இன்னும் என்னவோ சொன்னேன். சவரிமுத்து எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அக்கா நான் முடிக்கும் வரை படுத்தபடியே கேட்டார். “நான் யார் கிட்டயும் சொல்லல” என்றார். “அவளுங்க பொம்பளைங்க. யார் ஊட்ல அடுப்பு எரியலன்னு அவளுங்களுக்கு ஒருத்தர் சொல்லணுமா?” கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னது இன்னும் அதே குரலில் கேட்கிறது: “எத்தினி வருசமா உன் வேலி முன்ன கூடைய ஏந்திகினு நின்னேன் சரசு. நானும் கேட்டு வாங்கறவதான். எனக்கு வராத வெக்கம் உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி?”

கோபத்தோடே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளும் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். நான் சொல்ல வந்தது இதைத்தான். தெரியாமல் போனது போகட்டும். எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்றான பிறகும் நாள் தவறாமல் போனேன். மூலையில் உட்கார்ந்து குடித்தேன். அஞ்சலையைச் சத்தம் போடுவதை நிறுத்தினேன். அது ஒன்றுதான் மாறியது. ஆனால் அவளே, “உப்பு எப்டிம்மா கீது?” என்று கேட்பாள். நான் சொல்லாமல் விட்டால் அவள் முகம் வாடும். அதனால் ஏதாவது சொல்வேன். வெளியே மழையிலும் வெயிலிலும் நின்றவர்களுக்கும் எனக்கும் ஒரே அண்டா. அவர்களுக்கு வரிசை, எனக்கு உத்தியோகம். அந்த வரிசையில் போய் நிற்க ஒரு நாளும் எனக்குக் கால் வரவில்லை. எங்கள் தெருப் பக்கத்துக் காய் நின்றதும் இல்லை. மாமனார் மறுவருஷம் காலமானார். படுக்கையில் கிடந்தபோதும் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக வந்தார், ஆனால் வந்தார். ஆவடியில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அரிசி வாங்கி உலை வைத்தேன். அடுத்த நாள் கொட்டகையில் அக்கா என்னைக் கூப்பிட்டார். மூக்குப்பொடியை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “இப்பல்லாம் என் நாக்கு நல்லாயிடுச்சி சரசு. உப்பு நானே பாத்துக்குறேன். நீ அரிவாமணையில உக்காரு” என்றார். குப்பம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். அன்றிலிருந்து நான் காய் நறுக்குகிறேன். அக்காவும் நானும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முறையாவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். நன்றி சொன்னால் வாங்கிக்கொண்டேன் என்று ஆகிவிடுமே என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்ல ஆள் இல்லை.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு இன்னும் ரேஷன்தான். தொட்டியும் இன்னும் கொதிக்கிறது. அக்காவை அடக்கம் செய்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெளுத்த புடவை, ஆனால் மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். நல்ல குடும்பம் என்று பார்த்தாலே தெரிந்தது. முந்தானைக்குள் ஒரு பாத்திரத்தை மறைத்து வைத்திருந்தாள். “இங்க எதுனா வேல கீதுங்களா?” என்று கேட்டாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அக்கா இருந்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு உத்தியோகத்தைக் கண்டுபிடித்திருப்பார். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இல்லை. பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போக ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள்.

நான் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த காய்த் தோலை உதறினேன். அலமாரியிலிருந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். “வாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பின்னால் அவள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, ரங்கூன் ஊட்டம்மாவா இங்க நிக்கறது?” என்றாள்.

“ஆமா. நான்தான்” என்றேன். காது மடலெல்லாம் எரிந்தது. எதிர் வீட்டு வேலியில் பூப் பறித்துக்கொண்டிருந்த யார் யாரோ பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கமாகத்தான் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார். என் முறை வந்தது. அஞ்சலை ஊற்றினாள், எல்லாருக்கும் ஊற்றுவது போல ஒரு கரண்டி. ஓரமாக நகர்ந்து நின்று அந்தப் பெண் பாத்திரத்தை வெளியே எடுக்கும் வரை காத்திருந்தேன்.

லூர்தக்கா எனக்கு ஒரு மானத்தைக் கடைசி வரை காப்பாற்றிக் கொடுத்தார். அதை நான் வைத்துக்கொள்ளவில்லை; அன்றைக்கு அந்த வரிசையில் விட்டுவிட்டு வந்தேன். வைத்திருப்பது வெட்கம் ஒன்றைத்தான். அது போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதில்லை. கஞ்சிக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க அது என்னை விடாது. அவர்கள் நீட்டும் பாத்திரத்தைப் பார்க்கிறேன், நிறைந்துவிட்டதா என்று.